கறுப்பு வேட்டி

சாமிக்கு,

நான் ஊட்டுக்குத் தூரமானதால, மாலை போட்ட நீங்க குருசாமி ஊட்டுல தங்கி மூணு நாளாச்சி. நாளைக்கு வந்ததும் நேரா எருமைகிட்டதான் போவீங்க. போவாதீங்க.

மழை விட்டதுல இருந்து ஏரிக்கரை பூரா மாட்டு ஈ மொய்ச்சிக்கினு கீது. பச்சைக் கண்ணு வச்சது ஒண்ணு, றெக்கையில வரி போட்டது ஒண்ணு, சாம்பக்கலர்ல பெருசா ஒண்ணு. எருமை காதுல ரத்தம் வழியுது. ஈ எண்ண வர்ற காலேஜுப் பொண்ணு கரையில கறுப்புப் பந்து தொங்கவிட்டிருக்கு. "ஏம்மா கறுப்பு?"ன்னேன். "அப்பதான்க்கா ஈ மாடுன்னு நெனச்சி வரும்"னுச்சி. உடனே அண்ணிய உட்டு, வேற கலர் கட்டலாமான்னு குருசாமிகிட்ட கேக்கச் சொன்னேன்.

போன வருசமும் இதே கறுப்பு வேட்டிதான். ஒண்ணே ஒண்ணு கடிச்சி, ஆட்டோவுல போறப்ப உங்களுக்கு மூச்சு... அத எழுத மாட்டேன்.

காவியும் கட்டலாம்னு குருசாமி சொன்னாராம். அண்ணி கொண்டாற காவி வேட்டிய நான் தொடல, அவங்களே துவைச்சது. இந்தக் கடுதாசிதான் நான் தொட்டது. படிச்சிட்டுத் தலைக்கு ஊத்திக்கோங்க.

சாமின்னுதான் கூப்பிடணும், தெரியும். சாமிய எந்த ஈயும் ஒண்ணும் பண்ணாது. எனக்குப் பயமெல்லாம் எம்மாமாவ நெனச்சிதான்.

உங்க ஊட்டுக்காரி