குட்டி வெளியில் நிற்கிறது

மார்ச் 3, செவ்வாய்

குட்டிக்குக் காது கிழிந்துவிட்டது. பூனைக்குத்தான், குழந்தைக்கு இல்லை. எழுதிய வரியைத் திரும்பப் படித்தபோது எனக்கே திக்கென்றது, அதனால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மத்தியானம் வாசல் வழியாக வந்து, ஒன்றுமே நடக்காததுபோலத் தன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தது. கழுத்து முடியில் ரத்தம் காய்ந்திருந்தது. அந்த ரத்தத்தோடு குழந்தையின் படுக்கையில் வேறு ஏறி இறங்கியிருக்கிறது, விரிப்பில் கால் தடம். விரிப்பை வெந்நீரில் போட்டேன். மெத்தையைத் துடைத்தேன். அப்புறம் குழந்தையின் கையை, அப்புறம் காலை, அப்புறம் தரையை. எதைத் துடைத்தாலும் அதற்குப் பக்கத்தில் இருப்பது அழுக்காகத் தெரிகிறது.

எந்தப் பூனை கடித்ததோ. அதற்கு என்ன நோயோ. எந்தக் குப்பையைக் கிளறியதோ, யார் வீட்டில் எலிக்கு வைத்த மருந்தை மோந்ததோ — அத்தனையையும் நாலு காலில் அப்பிக்கொண்டு வந்து, நேரே ஒரு பச்சைப்பிள்ளையின் பக்கத்தில் சுருண்டுகொள்கிறது. பிரசவத்துக்கு முந்தைய நாள்வரை பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். ஒரு துளி அழுக்கிலிருந்து தட்டு நிறைய என்னவெல்லாம் முளைக்கும் என்று கண்ணால் பார்த்தவள். எப்படிப் பேசாமல் இருப்பது?

அவர் பட்டறையிலிருந்து வந்ததும் காட்டினேன். காதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "ரௌடி எங்கயோ கை வச்சுட்டு வந்திருக்கு."

"சிரிக்காதீங்க. குழந்தை பக்கத்துல படுக்குது இது."

"நீ படிச்ச படிப்பு இருக்கே, சோத்துலகூட கிருமி தேடும்."

மார்ச் 5, வியாழன்

மாட்டு டாக்டர் என்று அவர் கேலி செய்கிற கால்நடை மருத்துவரிடம் போனேன். சின்னப் பெண், என் வயசுதான் இருக்கும். காதுக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டார், "வெளிய விடுறீங்களா?"

"தானா போயிடுது."

"தானா எப்படிம்மா போகும்? தாழ்ப்பாளை அதுவா திறக்குது?"

சுருக்கென்றது. வெளியில் அலைகிற பூனை வண்டியில் அடிபடும், கடிபடும், கண்டதைத் தின்னும். வீட்டுக்குள்ளேயே வைத்தால் அதற்கும் நல்லது, குழந்தைக்கும் நல்லது என்றார். ஆனால் சும்மா அடைத்துப் போடக்கூடாதாம். உயரத்தில் ஏறி உட்கார ஒரு இடம், வெளிக்குப் போக மண் போட்ட தட்டு, தினமும் கொஞ்சம் விளையாட்டு. "முதல்ல கத்தும். நீங்க அசரக்கூடாது. ஒரு தடவை திறந்துட்டீங்கன்னா, கத்தினா திறப்பாங்கன்னு கத்துக்கும்."

திரும்பி வரும்போது கையில் கூடை, இடுப்பில் குழந்தை. இரண்டும் ஒரே சுருதியில் அழுதன.

மார்ச் 6, வெள்ளி

சண்டை. பெரிய சண்டை இல்லை, ஆனால் சாப்பாடு ஆறிப்போகிற அளவுக்கு.

அவருக்கு வேலை இரும்போடு. ஊரில் யார் வீடு கட்டினாலும் ஜன்னலுக்குக் கம்பி, மாடிக்குக் கைப்பிடி, வாசலுக்குக் கேட் எல்லாம் அவர் பட்டறையிலிருந்துதான் போகும். பழைய தகரக் குவியலுக்குள் பிறந்து கிடந்த இந்தப் பூனையைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

"பகல் பூரா அடுத்தவன் வீட்டுக்குக் கம்பி வச்சுட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் கம்பிக்குள்ள ஒரு உயிரைப் பார்க்கணுமா? பூனைம்மா அது. பொம்மை இல்ல."

"குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"இதுவரைக்கும் என்ன ஆச்சு?"

இதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதானே என் பயமே.

ஆனாலும் கதவைச் சாத்திவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

கத்துகிறது. கத்துகிறது. கத்துகிறது.

மார்ச் 11, புதன்

வாசலைத் திறப்பது ஒரு வித்தை ஆகிவிட்டது. முதலில் ஒரு காலை நுழைத்து, பூனையின் மூக்கைப் பாதத்தால் மறித்து, உடம்பை ஒருக்களித்து, பையை இழுத்து, கதவைச் சாத்த வேண்டும். குழந்தை இதையெல்லாம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. பூனை கதவைப் பிறாண்டினால் அதுவும் போய்ப் பக்கத்தில் நின்று பிறாண்டுகிறது. பூனை கத்தினால் அதுவும் "மியா". நடக்கப் பழகி இன்னும் முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் வாசலில் போராட்டம்.

எதிர்மாடியில் தையல் மிஷின் போட்டிருக்கிற அக்கா ஜன்னலிலிருந்து கூப்பிட்டுக் கேட்டாள். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். மிஷின் ஜன்னலோரம் என்பதால் தெருவில் ஒரு இலை விழுந்தாலும் அவளுக்குத் தெரியும்.

"என்னடி, உன் வீட்ல ரெண்டு குட்டியும் கச்சேரி பண்ணுது?"

இந்தப் பெயர்க் குழப்பம் பழையது. பூனை வந்தபோது அது குட்டி. பிறகு குழந்தை பிறந்தது, அதுவும் குட்டி. பெரிய குட்டி, சின்னக் குட்டி என்று அவர் பிரித்துப் பார்த்தார். கொஞ்ச நாளில் சின்னது பெரியதைவிடப் பெரியதாகிவிட்டது. யார் பெரிய குட்டி என்று எங்களுக்கே குழம்பி, விட்டுவிட்டோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு அழகான பெயர் இருக்கிறது. யாரும் கூப்பிடுவதில்லை.

மார்ச் 14, சனி

இன்றைக்கு அவர் சொன்னது: "பூனையை மட்டுமா அடைச்சு வச்சிருக்க? பிள்ளை இன்னும் மண்ணை மிதிக்கல. நீ தெருமுனைவரைக்கும் போய் எவ்வளவு நாளாச்சு? யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். மருத்துவரிடம் போனதைத் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பயம் எனக்கு எப்போது வந்தது? ஆஸ்பத்திரியில் கையில் கொடுத்தபோதா? கழுத்து நிற்காமல் பின்னால் சாய்ந்ததே, அப்போதா? அதற்கு முன்னால் நான் இப்படி இல்லை. தனியாக ரயில் ஏறிப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவள் நான்.

மார்ச் 16, திங்கள்

பூனை நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. வாசலைப் பார்த்தபடி படுத்திருக்கிறது. கத்தக்கூட இல்லை. கத்தியபோது காதைப் பொத்திக்கொண்டேன், இப்போது கத்தாதா என்றிருக்கிறது. நான் இதைக் கொன்றுகொண்டிருக்கிறேனா?

மார்ச் 17, செவ்வாய்

தோற்றுப்போனேன். அவர் வாசல் கதவைக் கொஞ்சம் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்கச் செங்கல் ஒன்றை முட்டுக்கொடுத்தார். "பூனை போற அளவு. அவ்வளவுதான்." நானும் குனிந்து அந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு சாண். சரிதான்.

பூனை அந்தச் சந்தில் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. சாயந்திரம் வந்து தட்டைக் காலி செய்தது. சொன்னேனே என்றது அவர் முகம்.

மார்ச் 19, வியாழன்

மானம் போயிற்று.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிர்மாடி அக்கா குரல்: "ஏய், உன் குட்டி வெளியில நிக்குது!" போட்டது போட்டபடி ஓடினேன், கையில் சோப்பு நுரையோடு, காலில் செருப்பில்லாமல். பூனை தெருவோரம் நிற்கும் மளிகை வேனின் அடி நிழலில் கால் நீட்டிப் படுத்திருந்தது. என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

அக்கா ஜன்னலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "சும்மா சொன்னேன்டி! அதுக்கு வீடு தீப்பிடிச்ச மாதிரியா ஓடி வருவ?"

அவரிடமும் சொல்லிவிட்டாள். அவர் சொன்னார், "ஒரு வாரம் அது பின்னாடி ஓடாம இருந்து பாரேன். உனக்காகத்தான் சொல்றேன்." அதைச் சொன்னபோது கேலி இல்லை. அன்பாகத்தான் சொன்னார்.

இருந்து பார்க்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு தடவை கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். பரவாயில்லை. மூச்சு விட முடிகிறது.

மார்ச் 24, செவ்வாய்

எழுதாமல் படுத்தால் அந்தச் சக்கரம் வருகிறது.

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குழந்தை பக்கத்து அறையில் டப்பாக்களை உருட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எப்போது நின்றது, தெரியவில்லை. எப்படித் தெரியாமல் போச்சு? எப்பவும் அந்தச் சத்தத்துலதானே என் காது இருக்கும்?

எதிர்மாடி அக்கா கூப்பிட்டாள்.

"ஏய், உன் குட்டி வெளியில நிக்குது!"

என் உடம்பு எழுந்துவிட்டது. நான்தான் அதைப் பிடித்து உட்கார வைத்தேன். ஓடக்கூடாது என்று. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன், "நிக்கட்டும்க்கா! தானா வந்துடும்!"

சிரித்துக்கொண்டே சொன்னேன். அதுதான். சிரித்தேன்.

எதிர்மாடியில் மிஷின் திரும்ப ஓட ஆரம்பித்தது. ஒரு சட்டையை மடித்தேன். இன்னொன்றை மடித்தேன். கூடையின் அடியில் குழந்தையின் கவுன் இருக்கும் என்று கையை விட்டேன். சூடாக, மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது.

பூனை. துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேனா, விழுந்தேனா, தெரியல. செங்கல் ஒரு பக்கம் நகர்ந்து கிடந்தது. கதவு — பூனை போற அளவு இல்ல. அதை இழுத்துத் திறக்க ஒரு சின்னக் கை போதும்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணல. அளவு பார்த்தோமே, கையை விட்டுப் பார்த்தேனே!

தெருவில் யாரும் இல்லை. யாருமே இல்லை. மளிகை வேன் மட்டும் நின்றிருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தார். பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு குட்டிப் பாதம் தெரிந்தது.

பூனை படுக்கும் அதே நிழலில், பூனை மாதிரியே, குப்புறப் படுத்திருந்தது.

காலைப் பிடித்து இழுத்தேன். முட்டி சிராய்ந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்து, "மியா" என்றது. நான் அதை மார்போடு அணைத்துத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேன் ஒரு உறுமல் உறுமி நகர்ந்து, எங்கள் காலுக்குப் பக்கத்தில் திரும்பிப் போனது. டிரைவருக்கு இந்த நிமிஷம்வரை ஒன்றும் தெரியாது.

அக்கா படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். இஞ்ச் டேப் கழுத்தில். முகம் வெளுத்துப் போயிருந்தது. "நீதானேடி நிக்கட்டும்னு சொன்ன? நீயே சொல்றியே, நீ பார்த்துட்டுத்தான் இருக்கன்னு நான் மிஷின்ல உக்காந்துட்டேனே!"

நான் பூனையைச் சொன்னேன்க்கா. பூனையைச் சொன்னேன். பூனையைச் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

நிக்குது. வருது. போகுது. பூனைக்கும் அதே சொல்தான், பிள்ளைக்கும் அதே சொல்தான். கொஞ்சி அப்படிச் சொல்கிறோம்.

மார்ச் 25, புதன்

அவரிடம் நேற்றே சொன்னேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றவில்லை. ரொம்ப நேரம் அந்தச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 26, வியாழன்

காலையில் பார்த்தால் கூடையில் பூனையைப் போட்டு மூடிக்கொண்டிருக்கிறார்.

"எங்க?"

"பட்டறைக்கு. பொறந்த இடம்தானே, அங்கயே கிடக்கட்டும். இதைப் பார்த்துத்தானே பிள்ளை போச்சு."

நான் கூடையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கே ஆச்சரியம், இத்தனை நாளாக அதைக் கண்டு நடுங்கியவள் நான். "அது என்ன பண்ணுச்சு? அது உள்ளதான் தூங்கிட்டு இருந்துச்சு. கதவைத் திறந்து வச்சது நாம ரெண்டு பேரும்."

"இன்னொரு தடவை..."

"பட்டறை வாசல்ல லாரி வர்றதில்லையா? அங்க அது செத்தா உங்களுக்குப் பரவாயில்லையா? மடியில வச்சுட்டு சோறு தின்னுவீங்களே."

கூடையை அவர் பக்கம் இழுத்தார், என் பக்கம் இழுத்தேன், உள்ளே பூனை எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டியது. அவர் உதடு கோணியது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அழுதுவிட்டார். கல்யாணமாகி இதுவரை நான் பார்த்ததில்லை.

பூனை இங்கேதான் இருக்கும். உள்ளே. கதவு சாத்தியிருக்கும். இதை நான் சொன்னேன், அவர் தலையாட்டினார்.

மார்ச் 27, வெள்ளி

கனவில் சக்கரம்.

மார்ச் 29, ஞாயிறு

லீவு நாளில் பட்டறைக்குப் போய்விட்டு மூன்று சக்கர வண்டியில் இரும்புச் சட்டங்களோடு வந்து இறங்கினார். பின்பக்கம் துணி காயப்போடுகிற முற்றத்தைச் சுற்றி, மேலேயும் சேர்த்து, கம்பி வலை அடிக்கிறார். ஊருக்கெல்லாம் கம்பிக்குக் கம்பி நாலு விரல் இடைவெளி விட்டு அடிப்பவர். இந்த வலையில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. ஒவ்வொரு மூலையிலும் தொங்கிப் பார்த்தார், முழு உடம்பையும். பற்றவைத்த இடத்தையெல்லாம் தடவிப் பார்த்துப் பிசிறை அரத்தால் ராவினார். கம்பிக்குள்ளே ஒரு உயிரை வைப்பதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

உள்ளே கொஞ்சம் மண் கொட்டினார். மகள் அதில் இறங்கி நின்று, காலைத் தூக்கிப் பார்த்தாள், இன்னொரு காலைத் தூக்கிப் பார்த்தாள். ஓடிப்போய்த் துடைக்கலாமா என்றிருந்தது. துடைக்கவில்லை. பூனை மூலைக்கு மூலை மோந்துவிட்டு, வலைக்கு வெளியே போன குருவியைப் பார்த்துப் பல்லை நறநறவென்று கடித்தது. அப்புறம் கதவைப் பார்த்துக் கத்தியது. இன்னும் கத்தும். இதுதான் வேண்டும் என்று அது ஒருநாளும் சொல்லப்போவதில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

பயம் போய்விட்டதா என்று அக்கா கேட்டாள். போகவில்லை. ஆனால் இப்போது வீட்டில் என் ஒருத்தியிடம் மட்டும் இல்லை. அவர் தினமும் வேலைக்கு நடுவில் போன் செய்கிறார், ஒருநாள் சாணை பிடிக்கிற சத்தத்துக்கு நடுவே, ஒருநாள் யார் வீட்டு மாடியிலிருந்தோ. முதலில் சாப்பிட்டாயா என்று ஏதாவது கேட்பார். அப்புறம்தான் வரும்.

இன்றைக்கும் வந்தது. "ரெண்டும் உள்ளதானே இருக்கு?"

"ம், இருக்கு."

"ரெண்டும்தானே?"

மகளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பினாள். பிறகு அவருக்குத் தனித்தனியாகச் சொன்னேன். "பூனை அலமாரி மேல இருக்கு. உங்க பொண்ணு என் மடியில இருக்கா."

"இருக்காளா?"

"இருக்கா."

அதற்கப்புறம்தான் போனை வைத்தார்.