பாய்லருக்குப் பொட்டு வைக்காத காலை

நேற்று நம் மகன் என்னை ஒரு காட்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனான். பழைய ஆலை ஒன்றை அப்படியே வைத்து, அதன் நீராவி எஞ்சின்களை இன்னும் ஓட்டிக் காட்டுகிறார்கள். கதவைத் திறந்ததும் சூடான எண்ணெயும் ஈர ஆவியும் கலந்த வாடை வந்தது. அதற்குப் பிறகு அவனோடு நடந்தேனே தவிர, மனசுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் பெரிய சக்கரத்தின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். நான் பின்கட்டில் இருந்த பாய்லரைத் தேடிப் போனேன்.

"அங்க இன்னாப்பா இருக்குது?" என்றான் மகன். உன் கதையைச் சொன்னேன்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலம். நமக்குக் கல்யாணமான பிறகு வந்த முதல் சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு. கரையாம்புத்தூரிலிருந்து உன் அப்பா நெல் அனுப்பியிருந்தார். எங்கள் பாகூர் ரைஸ் மில்லில் எஞ்சினை ஓட்டும் அதே ஆவியைக் குழாய் வழியே விட்டு நெல்லும் அவித்துக் கொடுப்பார்கள். ஆயுத பூஜைக்கு முதல்நாள் நீ நெல்லை மில் தொட்டியில் ஊறப்போட்டாய். உங்கள் ஊரில் பொழுது சாயும்வரை வேலை பார்த்துவிட்டுத்தான் பூஜை. பாகூர் மில்லிலோ விடிந்ததுமே எஞ்சினைக் கழுவிப் பொட்டு வைத்துவிடுவார்கள். மறுநாள் வரை தொடமாட்டார்கள். அதை யாரும் உனக்குச் சொல்லவில்லை.

பூஜையன்று காலையில் என் அக்கா விடவில்லை. "உங்க அம்மா வூட்டு நெல்லு நாளைக்கு நாறிப்பூடும். மாட்டுக்குத்தான் வெக்கணும்டி" என்றாள். உன் பிறந்த வீட்டின் பெயரும் அந்தத் தொட்டியில்தான் ஊறிக்கொண்டிருந்தது.

"வாங்க, மில்லாண்ட போயிட்டு வரலாம்" என்றாய். வெறுங்கையோடு திரும்புவோம் என்று நினைத்தபடியே உன் பின்னால் வந்தேன்.

எஞ்சின் டிரைவர் கோவிந்து அண்ணன் சக்கரத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையை விரித்தார்.

"பொட்டு வெச்சாச்சும்மா. இனிமே எஞ்சினத் தொட்டா மொதலாளி என்னத் தொலைச்சிடுவாரு."

நீ எஞ்சினைப் பார்த்தாய். பின்னால் போய் பாய்லரைப் பார்த்தாய். அதன் அடுப்பில் உமி நெருப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

"எஞ்சினுக்குத்தான பொட்டு வெச்சிருக்கீங்க அண்ணே? பாய்லரு சும்மாதான இருக்குது? நெல்லு அவிய எஞ்சின் எதுக்கு?"

அவர் சிரித்துவிட்டார். "இன்னாமா, வக்கீல் வூட்டுப் பொண்ணா நீ? மொதலாளி கேட்டா நீதான் வந்து பேசணும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ உமிய அள்ளிப் போடு."

பாதி அவிந்துகொண்டிருக்கும்போது முதலாளி வந்தார். ஆவியைப் பார்த்தார், பொட்டில்லாத பாய்லரைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கற்பூரம் வாங்கப் போனார். நெல்லை இறக்கியபின் பாய்லருக்கு நீயே பொட்டு வைத்தாய்.

அந்த அரிசியில் முதல் சோறு வடித்த அன்று அக்கா மூன்றாம் முறை தட்டை நீட்டினாள். "கொழம்பு நல்லாருக்குது" என்று மட்டும் சொன்னாள். நீ சட்டென்று சோற்றுப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாய். சிரிப்பில் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

பிறகு நான் பார்த்த பத்திரிகை நிருபர் வேலையில் எத்தனையோ வாசல்களில் 'இன்றைக்கு முடியாது' என்றார்கள். எது முடியாது, எது முடியும் என்று கேட்காமல் நான் திரும்பியதில்லை. பல செய்திகள் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் கிடைத்தன. அலுவலகத்தில் அதை என் சாமர்த்தியம் என்பார்கள், நானும் மறுத்ததில்லை. நீ இருந்த வீட்டில் மட்டும் அதைப் பற்றிப் பெருமை பேசாமல் இருந்தேன்.