நார் என்றால் நார்தானே

அன்புள்ள கடைக்குட்டிக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

சொன்னால் சிரிப்பாய். சிரி, பரவாயில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு, உணவியல் படிக்கப் போன புதிதில், "அம்மாவுக்கு நார்ச்சத்து நிறையக் குடுங்கப்பா" என்று போனில் சொன்னாயே. முப்பது வருடமாகக் கறி சுட்டு விற்கிறவனுக்குத் தெரியாத நாரா? அன்றிலிருந்து கழுத்துக் கறியில் பல்லில் மாட்டுகிற நாராகப் பார்த்துப் பிரித்து, கம்பியில் கோத்து, அவளுக்குப் பிடித்த மாதிரி ஓரம் கருகச் சுட்டுக் கொடுத்தேன். "தாடை வலிக்குதுங்க" என்பாள். "மருந்துன்னு நெனச்சு மெல்லு, புள்ள சொல்லியிருக்கா" என்பேன்.

போன வாரம், குடல் புற்றுநோய்க்காக அம்மாவைச் சேர்த்திருக்கிற ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண், உன் வயதுதான் இருக்கும், அம்மா என்னென்ன சாப்பிடுவாள் என்று கேட்டாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நார்ப் புராணத்தை ஒப்பித்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டாள். கறி நாருக்கும் நார்ச்சத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். அது கீரை, பயறு, காய், தவிடு போகாத தானியத்தில் இருப்பதாம். கறி கருகினால் புற்றுநோயைத் தூண்டக்கூடிய சில பொருட்கள் உண்டாகுமாம். நார்ச்சத்து அதில் கொஞ்சத்தைப் பிடித்து வெளியே தள்ளக்கூடுமாம். நானோ காவலுக்கு ஆள் அனுப்புவதாக நினைத்து, தினமும் திருடனையே உள்ளே விட்டிருக்கிறேன். "இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்கய்யா" என்றாள். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

பக்கத்துக் கடைத் தையல்காரருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "நூல்கூட நார்தான்யா, எங்கிட்ட வாங்கியிருக்கலாமே" என்றார். சிரித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கினால் புகைமேல் பழி போடலாம். இந்தத் தொழிலில் அது ஒரு வசதி.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நேற்றுகூட அடுத்த கட்டில்காரியிடம், "நல்ல துண்டெல்லாம் எனக்குன்னே எடுத்து வைப்பாரு" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். நீ வந்ததும் அவளிடம் எதை வேண்டுமானாலும் பேசு. நார்ச்சத்து என்கிற அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் சொல்லிவிடாதே. சீக்கிரம் வா. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நோய் நொடியில்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: இன்று கீரையும் பயறுமாகப் பை நிறையக் கொண்டுபோனேன். குடல் குறுகிவிட்டதால் இனி நார்ச்சத்தே கூடாது என்று கட்டிலில் அட்டை மாட்டியிருக்கிறார்கள். அம்மாதான் வாசித்துச் சொன்னாள், இனி என் கறி கிடையாதாம் என்று.