ஒடிந்து ஒடிந்து வரும் எஞ்சின்

ஆகஸ்ட் 14, 1996. புதன்.

இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

பீளமேட்டில் நான் பல் செட்டு செய்யும் லேபுக்குக் கிணத்துக்கடவிலிருந்து ஒரு பெரியவர் மனைவியோடு வருவார். அவர் சேர்த்து வைத்திருக்கும் ஜெர்மன் பொம்மை ரயில்களில் எது ஒடிந்தாலும் நான்தான் பற்றவைத்துத் தருவேன். இன்று எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் பித்தளைத் தண்டு. ஊசி கனம்தான் இருக்கும். இந்த வருஷத்தில் இது நாலாவது தடவை. பல் செட்டுக்குப் போடும் எஃகுக் கம்பியை ஒட்டுக்கொடுத்துப் பற்றவைத்தேன்.

"இனி ஆயுசுக்கும் ஒடியாதுங்க" என்றேன். அவர் சந்தோஷமாக டீ குடிக்கப் போனார்.

உடனே அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, அத்தனை கெட்டியாப் பண்ணிப்போடாதீங்க. நாந்தானுங்க ஒடைக்கிறேன்."

ஏன் என்று கேட்டேன்.

"பையன் தவறுனதுக்கப்புறம் ஊட்டுல எங்கூட ஒரு வார்த்தை பேசறதில்லீங்க. இங்க வர்ற பஸ்ஸுல மட்டும் எஞ்சினைப் பத்தி வழியெல்லாம் பேசிட்டு வாராருங்க."

பெரியவர் திரும்பி வந்தார். என் வேலையைப் பற்றி இதுவரை யாரிடமும் நான் பொய் சொன்னதில்லை.

"பத்தவெச்ச எடம் லேசா விட்ட மாதிரி தெரியுதுங்க. எதுக்கும் மாசாமாசம் கொண்டாந்து காட்டிப்போடுங்க" என்றேன்.

"அதுக்கென்னங்க, ரெண்டு பேரும் வந்துபோடறோம்" என்றார்.

வாசலைத் தாண்டும்போதே எஞ்சினைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே கூட நடந்தார்.