அதிகாரி பார்க்காத சுவர்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
22.04.2007

அன்பின் நிஷானுக்கு,

நானும் பிள்ளை றெபேக்காவும் சுகம். உங்கள் சுகத்துக்கு அந்தோனியாரை மன்றாடுகிறேன்.

போனில் பாதியில் அறுந்த கதையை எழுதுகிறேன். நகரசபை இந்த வீட்டை எங்களுக்கு விற்கும்போது என்ன சொன்னது? கீழ்த்தளத்து பேஸ்மென்ற் சுவரால் தண்ணி கசியும், அதனால்தான் மலிவு என்றுதானே? இப்போது அதே நகரசபை புது மதிப்பீட்டில் குறையே இல்லாத வீடு என்று போட்டு வரியை ஏற்றியிருக்கிறது. விற்கும்போது ஓட்டை, வரி கேட்கும்போது மாளிகை! திரும்பப் பார்க்கச் சொல்லி விண்ணப்பித்துவிட்டேன். நகரசபைக் கந்தோரில் நான் பிரெஞ்சில் கதைக்க, அந்தப் பெண் ஆங்கிலத்தில் பதில் சொன்னா. அதிகாரி ஒருவர் நேரில் வருவாராம்.

வீட்டின் பெறுமதியைக் குறைத்து வரியை இறக்கினால், நீங்கள் அல்பேர்ட்டாவில் இன்னொரு பனிகால வேலைக்குக் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. வேறொன்றும் எனக்கு வேண்டாம். பிள்ளைக்குக் கொஞ்சம் இருமல். யோசிக்காதேங்கோ.

உங்கள் நிரஞ்சனி


அல்பேர்ட்டா
06.05.2007

அன்பின் நிரா,

நான் சுகம். இங்கே மூன்று நேரமும் உருளைக்கிழங்குதான். நீர் தனிய நின்று இவ்வளவும் செய்கிறீர், எனக்குப் பெருமை. அதிகாரி வாற நேரம் அருமைநாதன் அண்ணையை வந்து நிற்கச் சொல்லியிருக்கிறன். வாற மனுசனை வெறும் வாயோடை அனுப்பிப்போடாதேயும்.

உம்முடைய நிஷான்


பியர்பொன்ட்ஸ்
18.06.2007

அன்பின் நிஷானுக்கு,

நாங்கள் சுகம்.

அதிகாரி வருவதற்கு முதல்நாள் பிள்ளையை டொக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன், வீடெல்லாம் பெயின்ற் மணம். கீழே உங்கள் அண்ணையும் கோயில் ஆட்களும். பூஞ்சணம் பிடித்த சுவர் பால் வெள்ளையாக நிற்கிறது.

"அண்ணை, இந்தச் சுவரைக் காட்டத்தானே அந்தாளை வரச் சொன்னது!"

"உனக்கென்ன விசரே பிள்ளை? ஒரு மனுசன் வீட்டுக்கு வரேக்கை ஊத்தையைக் காட்டுறதே? தம்பியின்ரை மானம் என்னாகிறது?"

அண்ணையின் மனுசி கத்தரின் அக்கா ரோல்ஸ் வேறு பொரித்துக் கொண்டுவந்திருந்தா, புருஷனுக்குத் தப்பாத பெண்சாதி.

மறுநாள் அந்த மனுசன் சுவரைத் தடவிப் பார்த்தார். "உள்ளே ஈரம், மூஸ்யூ, நேற்றுத்தான் பூசினது" என்றேன். பழைய படங்களையும் காட்டினேன். "அது முந்தி, மடாம். நான் இன்றைக்கு இருப்பதைத்தான் எழுதலாம்" என்றார். அண்ணை பக்கத்தில் நின்று "எவ்ரிதிங் குட், சேர்" என்கிறார்! ரோல்ஸ் ருசி என்று கேட்டுச் சாப்பிட்டுவிட்டு, வீடு நல்ல துப்புரவு என்று பாராட்டிக்கொண்டு போனார்.

நான் ஆரோடு சண்டை பிடிக்க? எல்லாரும் அன்பிலேதான் செய்தார்கள்.

உங்கள் நிரஞ்சனி


அல்பேர்ட்டா
09.09.2007

அன்பின் நிரா,

குறைக்க மாட்டோம் என்று நகரசபை சொன்னதை நீர் போனிலை அழுதழுது சொன்னதிலிருந்து எனக்கும் மனம் சரியில்லை. ஆனால் அண்ணையை ஏசாதேயும். சுவரைப் பூசிவிடச் சொன்னது நான்தான். கடன்பட்டு வாங்கின வீட்டைப் பார்த்து ஒருத்தன் முகம் சுழிக்க, நான் அதையும் தாங்கவேணுமே?

பனிகாலத்துக்குக் கையெழுத்து வைத்திட்டன். நத்தார்ப் பண்டிகைக்கு வரமாட்டன். மழைக்கு முதல் இன்னொருக்கால் பூச அண்ணையை அனுப்புறன்.

உம்முடைய நிஷான்


பியர்பொன்ட்ஸ்
02.11.2007

அன்பின் நிஷானுக்கு,

வெள்ளைக்கு மேலால் கறுப்பு வந்துவிட்டது. முதலில் மூலையில், இப்போது மாடிப்படி வரைக்கும். போன கிழமை அண்ணை பெயின்ற் வாளியோடு வந்து மணி அடித்தார். நான் கதவு திறக்கவில்லை. ஜன்னல் சீலைக்குப் பின்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மழைக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வாளியையும் காவிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பாவமாய்த்தான் இருந்தது. என்றாலும் திறக்கவில்லை.

றெபேக்கா இப்போது இழுப்புக்குப் பம்ப் அடிக்காமல் படுக்கிறாளில்லை. நீங்கள் போனில் கேட்கும்போது "நல்லாயிருக்கிறம்" என்பேன். பிள்ளையையும் அப்படிச் சொல்லப் பழக்கியிருக்கிறேன். இருமல் வந்தால் போனைத் தள்ளிப் பிடிப்பேன். தூரத்தில் நிற்கிற மனுசனுக்கு ஏன் காட்டுவான் என்றுதான். நானும் உங்கள் வீட்டு ஆள்தானே.

நீங்கள் எப்போது வந்தாலும் இந்தச் சுவர் இப்படியேதான் இருக்கும். ஒருவரையும் தொட விடமாட்டேன். வந்து பாருங்கோ.

நாங்கள் சுகமில்லை.

நிரஞ்சனி