வெள்ளை ஞாயிற்றுத் தாள்

சலெலோலோங்கா, சாவாயித் தீவு
ஆகஸ்ட் 9

என் மோயெலாங்கிக்குப் பாட்டி எசெட்டா எழுதுவது. கெய்ன்ஸில் குளிர் எப்படி? கர்த்தர் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் தம்பி செட்டு ஆக்லாந்தில் மின்வேலைப் பரீட்சை தேறிவிட்டான். சித்தி மகள் ஃபெட்டு ஆப்பியா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் ஆகிவிட்டாள். நீயோ இந்த ஊரிலிருந்து விமானம் ஓட்டப் போன முதல் பெண். போதகர் மனைவியிடம் இதை இந்த வாரம் மட்டும் மூன்று தடவை சொன்னேன். சொல்லும்போது உன் கடிதம் என் பைக்குள்தான் இருந்தது.

விமானம் ஓட்டுகிற சோதனையில் தோற்றுவிட்டேன், ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சோதிப்பவர், செய்ய வேண்டியதெல்லாம் வரிசையாக எழுதிய தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாராம். இறக்கைப் பலகையை இறக்கியாயிற்றா என்று கேட்டு முடிக்கும் முன்பே நீ ஆயிற்று என்றாயாம். அது இறங்கவே இல்லையாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளைக்குப் பரிசுதானே கொடுப்பார்கள்?

போன வாரம் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் பாங்கோ பாங்கோ போனேன். குட்டி விமானம், முதல் வரிசை. ஓட்டுகிறவர் தலை நரைத்தவர். நான் பாய் முடைகிற மாதிரி அவர் கை தானாகவே பொத்தான் பொத்தானாகப் போயிற்று. அப்புறம் பார்த்தால் அவர் பக்கத்தில் இருந்த துணை விமானி அதே மாதிரி ஒரு தாளை எடுத்து வாசிக்கிறார், இவர் ஒவ்வொன்றையும் மறுபடி பார்த்துப் பதில் சொல்கிறார். அவருக்காக எனக்கு வெட்கமாகிவிட்டது.

இறங்கியதும் கேட்டேவிட்டேன். முப்பது வருஷமாக ஓட்டுகிறாராம். இன்னுமா மனப்பாடம் ஆகவில்லை என்றேன். சிரித்தார்.

"ஆயிடுச்சும்மா. அதனாலதான் தாளு. கை மறந்தாலும் வாய் 'ஆச்சு'ன்னு சொல்லிடும்."

தெரிந்தவருக்குத் தாள் எதற்கு, தாள் இருந்தால் தெரிந்துகொள்வது எதற்கு? நாலு நாளாகப் பாதி பிடிபடுகிறது, பாதி நழுவுகிறது. ஒன்று மட்டும் நினைவுக்கு வந்தது. உன் ஏழாவது வயதில் வந்த வெள்ளை ஞாயிறு, பிள்ளைகளெல்லாம் கோயிலில் வசனம் ஒப்பிக்கிற அந்த நாள். வெள்ளைக் கவுனில் சபை முன்னால் வசனம் சொல்ல எழுந்தபோது உள்ளங்கைக்குள் சின்னத் தாள் வைத்திருந்தாய். "எசெட்டா பேத்திக்குத் தாள் ஒரு கேடா?" என்று பிடுங்கியது நான்தான். நீ கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாய். எல்லோரும் மெச்சினார்கள்.

இப்போது வராதே, கண்ணு. அடுத்த மாதம் மறுபடி சோதிப்பார்களாமே, அதைச் செய்துவிட்டு வா. போதகர் மனைவியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுவரில் அன்றைக்கு எடுத்த படம்தான் தொங்குகிறது, மூடிய கண்ணும் வெறுங்கையுமாக. புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு. விமானத்தில் உட்கார்ந்து, கண்ணை நன்றாகத் திறந்து, கையில் தாள் தெரிகிற மாதிரி.

பாட்டி எசெட்டா