கிரேக்கக் கப்பல் ஏறிய மலை

மலையிலிருந்து இறங்கும்போது வழி பார்க்கப் போனைத் திறந்தேன். வரைபடத்தில் நான் நின்ற இடம் நீலப் புள்ளியாக விழுந்தது. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. இந்த இடத்தில் முதலில் புள்ளி வைத்தவள் நீதானே.

பழைய கிரேக்கக் காவியங்களில் கப்பல்கள் போன வழியைக் கணினி வரைபடத்தில் ஊர் ஊராகக் குறித்துக் கோடிழுப்பது நம் இருவரின் ஆய்வு. மின்சார ரயிலில் சன்னலோரம் பிடித்து, அரக்கோணத்தில் கூட்டம் ஏறுவதற்குள் நாலைந்து ஊர்களை முடித்துவிடுவாய். அந்தக் கதைகளில் வரும் தீவுகள் பலவும் எங்கே இருந்தன என்று யாருக்கும் தெரியாது. இடத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது. அவற்றையெல்லாம் தற்காலிகமாகத் திருத்தணி மலைமேல் வைத்தாய்.

"தெரியாத ஊரெல்லாம் இங்கயே இருக்கட்டும்டி. சாமி பாத்துகினு இருப்பாரு" என்று சிரித்தாய்.

அப்புறம் எடுத்துவிடலாம் என்றிருந்தோம். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் காரியம் முடிந்த கையோடு நம் நெறியாளர் வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கருத்தரங்கில் தன் பெயரில் காட்டப்போகிறார் என்று தெரிந்ததும் போய் நின்றேன். என் பெயர் வேண்டாம், உன் பெயரையாவது போடுங்கள் என்று கேட்டேன்.

"போய்ச் சேந்தவளுக்குப் பேர் எதுக்கும்மா?" என்றார். பிறகு, எல்லாம் சரிபார்த்தாயிற்றா என்று விசாரித்தார்.

"ஆங், எல்லாம் சரியா இருக்குதுங்க சார்" என்றேன்.

அந்த மனிதர் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. அரங்கில் பொத்தானை அழுத்தினார். திரையில் கப்பல் கிரேக்கக் கரையை விட்டது, அரபு நாட்டு மணலைத் தாண்டியது, நேராக நம் மலைமேல் ஏறி நின்றது. திரும்பிப் போய் மறுபடியும் வந்தது. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மையார் இது எந்தத் தீவு என்று கேட்டார். நெறியாளர் அதே பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினார். அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்துக்கொண்டு, பிறகுதான் எழுந்தேன்.

"அது தீவு இல்லீங்க, திருத்தணி. இந்த வரைபடத்தப் போட்டவளோட ஊரு" என்று சொல்லி, உன் முழுப்பெயரையும் மைக்கில் சொன்னேன்.

இப்போது நெறியாளர் புள்ளிகளைத் திருத்தித் தரச் சொல்லி ஆள்மேல் ஆளாக அனுப்புகிறார். உன் பெயரைப் போட்டால் திருத்துகிறேன் என்று சொல்லியனுப்பினேன். இன்னும் போடவில்லை.

முருகனுக்கே கோபம் தணிந்த மலை என்கிறார்கள். இன்று சாமி கும்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் பார்த்தேன். எனக்குத் தணியவில்லை. தணிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் இல்லை. உன் தீவுகள் இங்கேயேதான் இருக்கின்றன.